காத்திருந்த காற்றும் செய்த காற்றும்

பத்தமடையில் என் சிறுவயதில், கார் அறுப்பு முடிந்த புரட்டாசி நாள்களில், களத்தில் எல்லாரும் செய்த முதல் வேலை காத்திருப்பது. அடித்த நெல் பொலியாகக் குவிந்திருக்கும். சொளவை மடியில் வைத்துக்கொண்டு ஆள்கள் மேற்கே பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். மேல்காற்று வர வேண்டும், வந்தால்தான் தூற்றலாம். நான் அவசரப்பட்டால் தாத்தா, "பொறுலே, காத்து வரட்டும்" என்பார். மலையைத் தாண்டி வருகிற அந்தக் காற்று முதலில் தென்னங்கீற்றில் தெரியும். பிறகு வேட்டி நுனியில் தெரியும். அதன்பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்து நிற்பார்கள். கால் மணி நேரம் நிலையாக அடித்தால் ஒரு பொலி முடிந்துவிடும். நெல் காலடியில் குவிய, பதரும் சண்டும் தள்ளிப் போய் விழும். காற்று நின்றால் மறுபடியும் உட்கார வேண்டியதுதான்.

அந்தக் கால் மணி நேரத்தை நான் மறந்தே போயிருந்தேன். 2025 ஏப்ரல் 25 அன்று ஹைதராபாத்தில் ஒரு ஸ்க்ராம்ஜெட் எரியறையை 1,000 வினாடிகளுக்கு மேல் அணையாமல் எரித்துக் காட்டினார்கள் என்ற செய்தியைப் படித்தபோது அது திரும்ப நினைவுக்கு வந்தது. 1,000 வினாடி என்பது 16 நிமிடம் 40 வினாடி. எங்கள் களத்தில் ஒரு பொலி தூற்றுகிற நேரம். ஆனால் அங்கே ஓடியது மேல்காற்று அல்ல. வினாடிக்கு ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிற, இரும்பைப் பழுக்கவைக்கும் சூடுள்ள காற்று. அதை யாரும் எதிர்பார்த்துக் காத்திருக்கவில்லை; அழுத்தி, சூடாக்கி, குழாய் வழியே விட்டார்கள். அந்தக் காற்றுக்குள் ஒரு சுடர் நின்றது.

காற்றுக்குக் காத்திருந்த ஊரில் பிறந்தவன் காற்றைச் செய்கிறவர்களின் கதையைக் கேட்கும்போது, வியப்போடு கூடவே ஒரு கேள்வியும் எழுகிறது. இந்த இரண்டு காற்றுக்கும் நடுவே நாம் எதையெல்லாம் பெற்றோம், எதையெல்லாம் விட்டோம்?

ஆறடிப் பெட்டியும் 160 மீட்டர்க் குழாயும்

காற்றுச் சுரங்கத்தின் தத்துவம் எளிது. பறக்க வேண்டிய பொருளை அசையாமல் நிறுத்தி, காற்றை அதன்மேல் ஓடவிடுவது. 1901இல் ரைட் சகோதரர்கள் தங்கள் சைக்கிள் கடையில் ஆறடி நீள மரப்பெட்டி ஒன்றைச் செய்து, ஒரு முனையில் விசிறி பொருத்தி, ஏறத்தாழ 200 சிறகு மாதிரிகளை அதற்குள் வைத்துப் பார்த்தார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து விமானம் எழுந்தது. வானத்தில் விழுந்து கற்க வேண்டியதைப் பெட்டிக்குள் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள் என்பதுதான் அந்த வெற்றியின் அடிப்படை.

நம் நாட்டில் இந்தக் கதை பெங்களூரில் தொடங்குகிறது. இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1942 டிசம்பரில், இந்திய அறிவியல் கழகத்தில் வானூர்திப் பொறியியல் துறை தொடங்கியது. வி.எம்.காட்கே அதன் தொடக்ககாலத் தலைவர். 1951இல் அங்கே சேர்ந்த இளைஞர் சதீஷ் தவன் ஒலியை விஞ்சும் வேகத்துக்கான காற்றுச் சுரங்கம் ஒன்றை நிறுவினார். அதன் சோதனைப் பகுதி 1 அங்குலத்துக்கு 3 அங்குலம். கட்டைவிரல் அகலமும் ஒரு விரல் நீளமும் உள்ள சன்னல் அது. அந்தச் சன்னல் வழியாகத்தான் இந்திய மாணவர்கள் ஒலியை முந்தும் காற்று எப்படி நடந்துகொள்கிறது என்று முதன்முதலாகக் கண்ணால் பார்த்தார்கள்.

இன்று திருவனந்தபுரத்துத் தும்பாவில், விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில், 1 மீட்டர் அளவுள்ள ஹைப்பர்சோனிக் காற்றுச் சுரங்கமும் அதிர்வலைச் சுரங்கமும் இருக்கின்றன. ஒலியைப்போல 6 முதல் 12 மடங்கு வரை, அதாவது மாக் 6 முதல் மாக் 12 வரை, அவற்றில் காற்று ஓடும். 2017 மார்ச்சில் திறக்கப்பட்ட அந்த வளாகத்துக்குச் சதீஷ் தவன் பெயரையே வைத்திருக்கிறார்கள். 2020 டிசம்பர் 19 அன்று ஹைதராபாத்தில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ., அதே 1 மீட்டர் அளவில் மாக் 5 முதல் 12 வரை செல்லும் இன்னொரு சுரங்கத்தைத் திறந்தது. 2022 டிசம்பர் 8 அன்று தும்பாவில் முதல்முறை ஊதிப் பார்த்த புதிய முவ்வேகச் சுரங்கத்தின் மொத்த நீளம் 160 மீட்டர். ரைட் சகோதரர்களின் பெட்டியை அதற்குள் வரிசையாக அடுக்கினால் எண்பதுக்கு மேல் வேண்டும்.

அன்று மூன்று அங்குலச் சன்னலில் தெரிந்தது ஒரு விதி. இன்று ஒரு மீட்டர் வாயில் தெரிவது ஒரு வாகனம்.

கணவாய் சொல்லாத பாடம்

எங்கள் பக்கத்தில் காற்றுச் சுரங்கம் என்றால் விளக்க வேண்டியதில்லை. செங்கோட்டைக் கணவாயும் ஆரல்வாய்மொழிக் கணவாயும் இயற்கை செய்து வைத்த சுரங்கங்கள். மேற்கிலிருந்து வரும் பருவக்காற்று மலைச்சுவரில் மோதி, இந்த இடுக்குகளில் நெருங்கிப் புகுந்து, வேகம் பிடித்து வெளிவருகிறது. ஆற்றுநீர் மடையில் பாய்வதைப்போல. இடம் குறுகினால் ஓட்டம் விரைவுபடும் என்பது கணவாய் சொல்லும் பாடம். அந்தப் பாடத்தை நம்பித்தான் 1980களின் நடுவில் தென்மாவட்டங்களில் காற்றாலைகள் எழத் தொடங்கின. அன்று ஒரு காற்றாலையின் திறன் 55 கிலோவாட் அளவில் இருந்தது. இன்று ஒன்றே 2,000 கிலோவாட்டைத் தாண்டுகிறது.

ஆனால் ஒலியின் வேகத்தைத் தொட்டதும் இந்தப் பாடம் தலைகீழாகிறது. அதன்பிறகு இடம் குறுகினால் காற்று தளர்கிறது. இடம் விரிந்தால் விரைகிறது. ஆகவே ஹைப்பர்சோனிக் சுரங்கத்தின் குழல், முதலில் கழுத்தாக ஒடுங்கிப் பிறகு மணியின் வாய்போல விரிகிறது. விரிகிற இடத்தில் காற்று வேகத்தைப் பெறும். அந்த வேகத்துக்கு விலையாகத் தன் சூட்டை இழக்கும். வெறும் காற்றை இப்படி விரியவிட்டால் அது குளிர்ந்து திரவமாகத் தொடங்கிவிடும். எனவே முன்கூட்டியே சூடாக்கி அனுப்ப வேண்டும். ஒரு பக்கம் மிகுந்த அழுத்தம், மறுபக்கம் வெற்றிடம், நடுவே கொதிக்கும் காற்று. களத்தில் ஆளை உட்காரவைத்த காற்றுக்கும் இதற்கும் பெயர் மட்டுமே ஒன்று.

மாக் 6 வேகத்தில் பறக்கிற வாகனத்தின் முன்னே காற்று நின்றுபோகும் இடத்தில் சூடு ஏறத்தாழ 1,500 டிகிரி செல்சியஸ். அந்த வேகம் வினாடிக்கு இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றே குறைவு. பத்தமடையிலிருந்து திருநெல்வேலிக்கு டவுன் பஸ்ஸில் அரைமணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அந்த வாகனத்துக்குப் பத்துப் பன்னிரண்டு வினாடி போதும்.

மூச்சை எடுத்துச் செல்வதும் வழியில் இழுப்பதும்

பத்தமடைக்குத் தெற்கே நாற்பது கிலோமீட்டர் சொச்சத்தில், பணகுடிக்கு மேற்கே மகேந்திரகிரி நிற்கிறது. வாயுவின் மகன் இலங்கைக்குத் தாவியது இந்த மலையிலிருந்துதான் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். அதன் அடிவாரத்தில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் இருக்கிறது. ராக்கெட்டின் திரவ எரிபொருள் எஞ்சின்களை இரும்புத் தாங்கியில் இறுகப் பூட்டி அங்கே எரித்துப் பார்க்கிறார்கள். அந்த உறுமல் சுற்றியுள்ள ஊர்களுக்குப் புதிதல்ல. 2022 ஜனவரி 12 அன்று, ககன்யான் பயணத்துக்கான கிரையோஜெனிக் எஞ்சினை அங்கே 720 வினாடிகள் தொடர்ந்து எரித்தார்கள்.

அந்த எஞ்சின் குடிப்பது மைனஸ் 253 டிகிரியில் திரவ ஹைட்ரஜன். அதை எரிக்க மைனஸ் 183 டிகிரியில் திரவ ஆக்சிஜன். ராக்கெட் தன் எரிபொருளோடு தன் மூச்சையும் சுமந்து செல்கிறது. இன்றைய ஏவு வாகனங்கள் சுமக்கும் எரிபொருள் கலவையில் ஏறத்தாழ 70 விழுக்காடு இந்த மூச்சுதான். சுற்றிலும் காற்று இருக்கும்போதே ஆக்சிஜனைத் தூக்கிக்கொண்டு போவது ஆற்றைக் கடக்கத் தண்ணீர்க் குடத்தைச் சுமப்பதற்குச் சமம். வழியில் இருக்கும் காற்றையே வாங்கி எரித்தால் சுமை குறையும், செலவு குறையும். ஸ்க்ராம்ஜெட் என்ற எண்ணம் அந்த இடத்தில்தான் பிறக்கிறது.

அதன் உடலில் சுழலும் உறுப்பு ஒன்றுமில்லை. விமான எஞ்சினில் உள்ளதுபோல் காற்றை அழுத்தும் தட்டுகள் கிடையாது. வாகனத்தின் வேகமே காற்றை அழுத்துகிறது. அதற்கு முந்திய ராம்ஜெட் எஞ்சின், உள்ளே வந்த காற்றை ஒலிவேகத்துக்குக் கீழே தளர்த்தி எரித்தது. மாக் 5ஐத் தாண்டினால் அப்படித் தளர்த்துவதிலேயே சூடு அளவுமீறிப் போகும். ஆகவே ஸ்க்ராம்ஜெட்டில் காற்றை ஒலியை முந்திய வேகத்திலேயே ஓடவிட்டு அதற்குள் எரிக்க வேண்டும். வினாடிக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் ஓடும் காற்று, ஒரு மீட்டர் நீள எரியறையை ஒரு மில்லி வினாடி ஆவதற்குள் கடந்துவிடும். அதற்குள் எரிபொருள் கலக்க வேண்டும், பற்ற வேண்டும், எரிந்து முடிய வேண்டும், சுடரும் இடம்பெயராமல் நிற்க வேண்டும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். இங்கே அம்மியைப் பறக்கவிடும் காற்றில் அகல்விளக்கை ஏற்றி வைக்கிறார்கள்.

ஒரு மில்லி வினாடியின் காலம்

இவ்வளவு சூடும் வேகமும் உள்ள காற்றைத் தொடர்ந்து ஓடவிட அன்று நம்மிடம் வசதி கிடையாது. பெங்களூரு ஆய்வாளர்கள் வேறு வழியில் போனார்கள். நீளமான குழாய் ஒன்று. ஒரு பாதியில் ஹீலியத்தை மிகுந்த அழுத்தத்தில் நிரப்புவார்கள். மறுபாதியில் குறைந்த அழுத்தத்தில் காற்று. நடுவே உலோகத் தகடு. அழுத்தம் எல்லை கடந்ததும் தகடு வெடித்துத் திறக்கும். அதிர்வலை பாய்ந்து, குழாயின் முனையில் மோதித் திரும்பும். அந்த மோதலில் காற்று ஒரே கணத்தில் கொதித்துப்போய் குழல் வழியே மாதிரியின்மேல் பாயும். அந்தக் காற்று நிலையாக இருப்பது சுமார் ஒரு மில்லி வினாடி. கண் இமைப்பதற்கு அதைப்போல நூறு மடங்குக்கு மேல் நேரம் வேண்டும்.

அந்த ஒரு மில்லி வினாடிக்காக ஒரு நாள் முழுக்க உழைப்பு. தகட்டை அளந்து வெட்டிப் பொருத்துவது, குழாயை வெற்றிடமாக்குவது, பீங்கான் போன்ற பொருளின்மேல் மெல்லிய பிளாட்டினப் பூச்சிட்டு வெப்ப உணரிகளைச் செய்வது, ஒவ்வொன்றையும் சரிபார்ப்பது. வெடி ஒன்று கேட்கும், எல்லாம் முடிந்திருக்கும். கிழிந்த தகட்டை எடுத்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்ற பழமொழியை அத்தனை அட்சரசுத்தமாகக் கடைப்பிடித்தவர்கள் வேறு யாரும் இருக்க முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது. எங்கள் களத்துக்காரர்களுக்காவது அடுத்த காற்று தானாக வரும்.

எங்கள் ஊரில் கோரைப்பாய் நெய்கிற லாத்தா ஒருவர், கோரையைக் கத்தியால் கிழிக்கும்போது கண்ணால் பார்க்கமாட்டார். விரல் நுனியில்தான் கனத்தை அறிவார். ஆற்றில் நாள்கணக்கில் ஊறிய கோரையை அந்த விரல்கள் நூலின் அளவுக்கு இழையாக்கும். தாம் அளக்க வேண்டிய கருவியைத் தாமே செய்துகொண்ட அந்த ஆய்வுமாணவர்களின் கைகளும் அதே குலத்தைச் சேர்ந்தவை. கருவியைச் செய்தவருக்கு அதன் பொய்யும் தெரியும், உண்மையும் தெரியும்.

அந்த மரபிலேயே பேராசிரியர் கே.பி.ஜே.ரெட்டி கையால் இயக்கும் சிறிய அதிர்வலைக் குழாய் ஒன்றை உருவாக்கினார். ரெட்டி குழாய் என்றே அதற்குப் பெயர். உலோகத் தகட்டுக்குப் பதில் ஒரு காகிதத் தாள். ஹீலியத்துக்குப் பதில் கையால் தள்ளும் உந்துதண்டு. தாள் கிழியும்போது ஒலியை முந்தும் அதிர்வலை பிறக்கிறது. மேசைமேல் வைக்கக்கூடிய மீயொலி அது.

ஏழு வினாடியிலிருந்து ஆயிரம் வினாடி

அதன்பின் வந்த இருபது ஆண்டுகளின் கதையை வினாடிகளாலேயே சொல்லிவிடலாம்.

2006இல் திருவனந்தபுரத்தில் இஸ்ரோ ஆய்வாளர்கள் மாக் 6 நிலையில் ஸ்க்ராம்ஜெட் எரிதலைத் தரைச் சோதனையில் ஏறத்தாழ 7 வினாடிகள் நிறுத்தினார்கள். பத்து ஆண்டுகள் கழித்து, 2016 ஆகஸ்ட் 28 காலை 6 மணிக்கு, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 3,277 கிலோ எடையுள்ள ஆராய்ச்சி ராக்கெட் எழுந்தது. அதன் பக்கவாட்டில் கட்டியிருந்த இரண்டு ஸ்க்ராம்ஜெட் எஞ்சின்கள் வானத்துக் காற்றை வாங்கி 5 வினாடிகள் எரிந்தன. மொத்தப் பயணம் ஏறத்தாழ 300 வினாடி. ஏவிய இடத்திலிருந்து சுமார் 320 கிலோமீட்டர் தள்ளி வங்கக்கடலில் விழுந்தது. வானில் ஸ்க்ராம்ஜெட்டை எரித்துக் காட்டிய நான்காவது நாடு இந்தியா என்றது இஸ்ரோ.

2020 செப்டம்பர் 7 அன்று ஒடிசாக் கரையின் அப்துல் கலாம் தீவிலிருந்து டி.ஆர்.டி.ஓ. தன் ஆய்வு வாகனத்தை அக்னி ஏவுகணையின் உந்துபகுதியால் 30 கிலோமீட்டர் உயரத்துக்கு அனுப்பியது. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதில் நூற்றில் ஒன்றரைப் பங்குதான். அந்த மெல்லிய காற்றை வாங்கி, 2,500 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில், எஞ்சின் 20 வினாடிகளுக்கு மேல் எரிந்தது. 2024 ஜூலை 22 அன்று இஸ்ரோ இரண்டாவது வான்சோதனையைச் செய்து, உந்துவிசை அமைப்பின் 110 அளவுகளைப் பறக்கும்போதே பதிவு செய்தது. அந்த எஞ்சினை உருவாக்குவதில் பங்கேற்ற மையங்களில் எங்கள் மகேந்திரகிரியும் ஒன்று.

பிறகு மறுபடியும் தரைக்கு வந்தார்கள். 2025 ஜனவரியில் ஹைதராபாத் ஆய்வகத்தில் 120 வினாடி. மூன்று மாதம் கழித்து, புதிதாகக் கட்டிய சோதனைக்கூடத்தில் 1,000 வினாடிக்கு மேல்.

7, 5, 20 என்று நகர்ந்த எண் திடீரென்று 120ஆகவும் 1,000ஆகவும் தாவியதற்குக் காரணம் சூட்டைக் கையாளக் கற்றதுதான். சில வினாடி எரிவதற்கு உலோகம் தடிமனாக இருந்தாலே போதும். சூடு உள்ளே பரவுவதற்குள் சோதனை முடிந்துவிடும். நிமிடக்கணக்கில் எரிய வேண்டுமென்றால் எரியறையை விடாமல் குளிர்விக்க வேண்டும். அதற்கு எரிபொருளையே பயன்படுத்துகிறார்கள். எரியப் போகிற திரவத்தை முதலில் எரியறைச் சுவருக்குள் ஓடவிட்டால், அது சூட்டை உறிஞ்சி வேதிமாற்றம் அடைந்து, எளிதில் பற்றும் நிலைக்கு வருகிறது. எரிவதற்கு முன் குளிர்விக்கிற எரிபொருள் அது. இதோடு, எஃகு உருகும் சூட்டையும் தாங்கும் பீங்கான் பூச்சு ஒன்றும் சுவரின் உட்புறத்தில் சேர்ந்தது.

உலகத்திலும் இதே ஏணிதான். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2002 ஜூலை 30 அன்று ஹைஷாட் ஆய்வில் சில வினாடி எரித்தது. அமெரிக்காவின் எக்ஸ்-43ஏ வாகனம் 2004 நவம்பர் 16 அன்று மாக் 9.6ஐ எட்டியபோது எஞ்சின் எரிந்தது ஏறத்தாழ 10 வினாடி. எக்ஸ்-51ஏ தன் நான்காவதும் கடைசியுமான பறத்தலில், 2013 மே 1 அன்று, 210 வினாடி எரிந்தது. யாருக்கும் இது ஒரே தாவலில் கைவரவில்லை.

ஹைதராபாத்தில் 1,000 வினாடி எரிந்தது சிறு அளவில் செய்த எரியறை; குழாயோடு நேரடியாக இணைக்கப்பட்டது; தரையில் பூட்டப்பட்டது. முழு வாகனமாகி, வானத்தில் அத்தனை நேரம் எரிவது வேறு படி. தரையில் செய்த காற்று வானத்துக் காற்று ஆகிவிடாது என்பதும் நினைவில் இருக்க வேண்டும். சோதனைக் காற்றைச் சூடாக்க ஒரு வழி, அதற்குள்ளேயே ஹைட்ரஜனை எரித்துவிட்டு, செலவான ஆக்சிஜனை மறுபடி சேர்ப்பது. அப்படிச் செய்த காற்றில் நீராவி கலந்திருக்கும். வானத்தில் 30 கிலோமீட்டர் உயரத்தில் அந்த ஈரம் இல்லை. அந்த வேறுபாட்டைக் கணக்கில் கழிப்பதற்கே தனித் திறமை வேண்டும்.

பெற்றதும் விட்டதும்

பெற்றவை கண்முன்னே இருக்கின்றன. அன்று பெரிய சோதனைக்கு வெளிநாட்டுக் கூடங்களை எதிர்பார்த்திருந்த நாட்டில் இன்று மாக் 12 வரை சொந்தக் காற்று ஓடுகிறது. அன்று ஒரு வளைவின் மேல் காற்று எப்படிப் போகும் என்று மாதக்கணக்கில் கையால் கணக்குப் போட்டார்கள். 2011இல் தும்பாவில் சாகா-220 என்ற மீக்கணினி வந்தது. இன்று சுரங்கத்தில் ஊதுவதற்கு முன்பே கணினியில் ஊதிப் பார்த்துவிடுகிறார்கள். 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் எழுந்த தும்பாவில், தேவாலயக் கட்டடமே அலுவலகமாக இருந்தது. ராக்கெட்டின் பகுதியைச் சைக்கிளில் கொண்டுபோனார்கள். 2024 பிப்ரவரி 28 அன்று, தாமிரபரணி கடல் சேரும் கரைக்குத் தெற்கே குலசேகரப்பட்டினத்தில், சிறிய ராக்கெட்டுகளுக்கான ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். பொதிகையில் பிறக்கும் ஆறு, அது முடியும் இடத்தருகே ஒரு விண்வாசலைக் காணப் போகிறது.

விட்டவை அவ்வளவு எளிதாகக் கண்ணில் படுவதில்லை. மூன்று அங்குலச் சன்னலுக்கு முன்னால் நின்ற மாணவருக்குச் சுரங்கத்தின் ஒவ்வொரு திருகும் தெரியும். இன்றைய சுரங்கத்தில் வேலை செய்கிறவருக்குத் தம் பகுதி நன்றாகத் தெரியும். முழுவதையும் ஒருவர் கையால் அறிவது இனி இயலாது. பெங்களூருக் குழாய்களின் அளவுகள் ஆய்விதழ்களில் வெளிவந்தன. உலகத்தில் யாரும் படித்து மறுக்கலாம், ஏற்கலாம். 1,000 வினாடிச் சோதனையிலிருந்து நமக்குக் கிடைப்பது செய்திக்குறிப்பின் சில பத்திகள். அந்த எஞ்சின் செலவு குறைந்த விண்பயணத்துக்கும் போகலாம், தடுக்க முடியாத ஏவுகணைக்கும் போகலாம். ஹைதராபாத்தில் இரண்டாவதுதான் முதல் நோக்கம். நாட்டுக்குக் காவல் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் பள்ளிப்பிள்ளை ஒருவர் கேட்டால் எல்லாவற்றையும் சொல்லக்கூடிய அறிவாக இருந்த ஒன்று, சொல்ல முடியாத அறிவாக மாறுவது இழப்புதான்.

எங்கள் களத்திலும் இதே மாற்றம் வந்துவிட்டது. இப்போது கார் அறுப்புக்கு அறுவடை இயந்திரம் வருகிறது. அதன் வயிற்றுக்குள் ஒரு விசிறி சுழல்கிறது. கதிரை அடிக்கும்போதே பதரை ஊதித் தள்ளிவிட்டு, தூய நெல்லை வெளியே கொட்டுகிறது. அதுவும் செய்த காற்றுதான். ஒரு நாள் முழுக்கப் பலர் செய்த வேலை ஒரு மணி நேரத்தில் முடிகிறது. வெயிலில் நின்று, கண்ணிலும் மூச்சிலும் தூசு ஏறத் தூற்றியவர்களின் வலி அதோடு போயிற்று, அது நல்லது. தென்னங்கீற்றைப் பார்த்து, காற்று வரக் கால்நாழிகை ஆகும் என்று சொன்ன கண்களும் அதோடு போயின. அந்த அறிவை யாரும் எழுதி வைக்கவில்லை.

ஆனாலும் ஒன்று மாறவில்லை. 7 வினாடியிலிருந்து 1,000 வினாடிக்கு வரப் பத்தொன்பது ஆண்டுகள் ஆயின. காற்றைச் செய்யக் கற்றவர்களும் காத்திருக்கத்தான் வேண்டியிருந்தது: தகட்டுக்காக, பூச்சுக்காக, எரிபொருளுக்காக, தவறிய சோதனைக்கான காரணத்துக்காக. "பொறுலே" என்று தாத்தா சொன்னது சோம்பலுக்கு அல்ல. காற்று வந்ததும் எழுந்து நிற்கிற உடம்பை ஆயத்தமாக வைத்திருக்கச் சொன்னது. 1,000 வினாடி எரிந்த அந்தச் சுடருக்குப் பின்னால் இருப்பதும் அப்படி ஆயத்தமாக இருந்த பலருடைய பொறுமைதான்.

ஆகவே ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். நெல்லைச் சீமையில் பொறியியல் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. மேல்நிலைப்பள்ளிகள் அதைவிடப் பல மடங்கு. அவை ஒவ்வொன்றிலும் ரெட்டி குழாய் போன்ற கைக்குழாய் ஒன்று இருக்கட்டும். ஒரு மீட்டர்ச் சுரங்கத்தை எல்லாருக்கும் தர முடியாது. ஒரு குழாயையும் ஒரு காகிதத் தாளையும் தர முடியும். பிள்ளைகள் அதைத் தங்கள் கையால் பொருத்தட்டும், தங்கள் கையால் தள்ளட்டும், தாள் கிழிகிற ஓசையைத் தங்கள் காதால் கேட்கட்டும். ஒரு மில்லி வினாடிக் காற்றைத் தானே செய்து பார்த்த பிள்ளைக்கு, 1,000 வினாடி என்றால் என்னவென்று நாம் விளக்க வேண்டியிருக்காது.